ஆணி அடிக்க அனுமதி இல்லை

அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு கை அகலம்கூடக் காலியாக இல்லை. மாதையன் அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கழுத்து வலித்ததே தவிர, தேடியது கிடைக்கவில்லை.

நடுவில், காலமான வீட்டுப் பெரியவரின் படம், ஆள் உயரத்துக்கு, சந்தன மாலையோடு. வலப்பக்கம் அவருடைய மகன் நாச்சிமுத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் ஒரு புது ரிக் வண்டிக்குத் தேங்காய் உடைக்கிறார். இடப்பக்கம் அதே நாச்சிமுத்து இன்னொரு ரிக் வண்டிக்குத் தேங்காய் உடைக்கிறார். அதற்குக் கீழே உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டர்கள். வருஷம் போனாலும் படத்துக்காகக் கழற்றாமல் விட்டவை. எல்லாவற்றுக்கும் மேலே, உத்தரத்தை ஒட்டி, பனிமலை, அருவி, விரல் சூப்பும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை.

"சார், இத்தனை பேர் குறுகுறுன்னு பார்த்தா நான் எப்படி காபி குடிக்கறது?" என்றாள் பழனியம்மாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

மாதையன் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார். சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில், துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் அவர். அதற்கு முன்னால் இடித்துக்கொண்ட லாரிகளை இன்சூரன்ஸ்காரர்களுக்காகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். பழனியம்மாள் அவருடைய உதவியாளர். ஓர் ஆலையில் டெலிபோன் போர்டில் இருந்தவள். முதலாளி பேசியதை ஒட்டுக்கேட்டதற்காக அல்ல, கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்ததற்காக வேலை போனவள்.

எண்பத்து நாலாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் இருவரும் ஸ்கூட்டரில் திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடாக இருந்தது. வந்தபின் அதைவிடப் பாடாக இருந்தது.

காணாமல் போனவர் சென்னிமலை. நாச்சிமுத்துவின் தங்கை முத்தாயம்மாளின் கணவர், அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். ரிக் கணக்கு வழக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சில மாதங்களாகவே மத்தியானமானால் எங்கேயோ போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துகொண்டிருந்தவர், ஒரு வாரமாக வீட்டுக்கே வரவில்லை.

"அவரோட போட்டோ ஒண்ணு கேட்டேனே," என்றார் மாதையன் மறுபடியும்.

முத்தாயம்மாள் சுவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு கல்யாணப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மாதையன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணப்பெண் இருந்தாள். அவள் தோளில் கைவைத்துக்கொண்டு தலைப்பாகையோடு நாச்சிமுத்து இருந்தார். அந்தத் தலைப்பாகைக்குப் பின்னால் ஒரு காதும் கொஞ்சம் மீசையும் இருந்தன.

"இதை வெச்சுத் தேடினா ஒரு காதைத்தான் சார் கண்டுபிடிக்கலாம்," என்றாள் பழனியம்மாள்.

ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த நாச்சிமுத்து அதைக் காலால் நிறுத்தினார். "ஏனுங்க, சுவத்தப் பாக்கறதுக்கா உங்களக் கூட்டியாந்தோம்? ஆள எங்க வெச்சிருக்கறாங்கன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. யாருன்னு எங்களுக்கே தெரியும். அந்தத் தையக்காரி சாலம்மாதான். ஊரே பாத்துச்சு, இவன் அவ கடைக்குப் போயிட்டு வந்தத. நேத்து நாங்க போயிக் கேட்ட கேள்வில அவ வாயத் தொறக்கல."

"கேள்வி மட்டும்தான் கேட்டீங்களா?"

நாச்சிமுத்து மறுபடி ஊஞ்சலை ஆட்டினார்.

"போன வாரம் வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று மாதையன் முத்தாயம்மாளிடம் கேட்டார்.

"சண்டைன்னு ஒண்ணுமில்லீங்க. அப்பாரு படத்தப் பெருசு பண்ணி மாட்டோணும்னு அண்ணன் சொன்னாங்க. எடம் பத்தல. அதுக்காக எங்க ஊட்டுக்காரரு மாட்டிவெச்சிருந்த ஆட்டுப் படத்தக் கழட்டி மாட்டுக்கொட்டாய்ல வெச்சோம். வந்து பாத்தாங்க. ஒண்ணும் பேசல. படத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ஆட்டுப் படமா?"

"அவிய ஊரு மேச்சேரிப் பக்கமுங்க. அந்தப் பக்கத்து ஆடு."

"கூடத்துல எவனாச்சும் ஆட்டுப் படத்த மாட்டுவானாங்க?" என்றார் நாச்சிமுத்து. "நாலு பெரிய மனுசங்க வந்து போற ஊடு. இதுக்கு முன்னால நூல் பண்டல் மேல ஒட்டறானே, கிளிப்படம், ஆனப்படம், அதயெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டுனான். நாந்தான் கழட்டிப் போட்டேன். ரசனை வேண்டாமுங்களா மனுசனுக்கு?"

விரல் சூப்பும் குழந்தை மேலேயிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

*

சாலம்மாளின் தையல் கடை தேர் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மாதையன் வாசலிலேயே நின்றுவிட்டார். தையல் மெஷின் குப்புறக் கிடந்தது. சக்கரம் வளைந்திருந்தது. வெட்டிவைத்த ரவிக்கைத் துணிகள்மேல் செருப்புத் தடங்கள். சாலம்மாள் அவற்றைப் பொறுக்கி உதறிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்தபின் இந்தக் கடையை வைத்துத் தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்தவள்.

"உள்ள வாங்க. உடைக்கறதுக்கு இன்னும் என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போங்க," என்றாள் நிமிராமலே.

"நாங்க அவங்க ஆளு இல்லம்மா," என்றார் மாதையன்.

"அவங்க கூப்புட்டுத்தானே வந்திருக்கீங்க?"

மாதையன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சென்னிமலையைப் பற்றிக் கேட்டார். அவள் துணியை உதறினாள். வேறு மாதிரி கேட்டார். அதற்கும் துணியை உதறினாள். மாதையனுக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், வாயை மூட வேண்டியவர்கள் ஊஞ்சலில் ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பழனியம்மாள் தரையில் உட்கார்ந்து சிதறிக்கிடந்த பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து டப்பியில் போட ஆரம்பித்தாள்.

"அவரு எங்கிட்ட தெச்சுக்கிட்டது ஜன்னலுக்குத் திரைங்க," என்றாள் சாலம்மாள் கடைசியில், பழனியம்மாளைப் பார்த்து. "வேற ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் மூணு தடவ வந்தாரு. ஊதாவக் காட்டுனா வேண்டாங்கறாரு, பச்சையக் காட்டுனா வேண்டாங்கறாரு. கடைசியா ஒரு படத்தக் கொண்டாந்து மேசமேல வெச்சு, இதுக்குப் பக்கத்துல தொங்கற திரைங்க, இந்தப் படத்த அமுக்கிரக் கூடாதுங்கன்னாரு. பனிக்காடு, வெள்ள வெள்ளையா மரம். ஏதோ பத்திரிகைல வந்ததாம். அப்புறம் மண்ணு நெறத்துல ஒரு துணியப் பாத்து இதுதான்னு சொன்னாரு."

மாதையன் நிமிர்ந்தார். "யாருக்குன்னு சொன்னாரா?"

"பொம்பளைக்காகத் துணி எடுக்க வர்ற ஆம்பளையத் தெனம் பாக்கறேங்க. அவ செவப்பா கருப்பான்னு சொல்லுவாங்க. இவரு படத்தோட நெறத்தத்தான் சொன்னாரு." அவள் ஒரு துணியை மடித்தாள். "அளவுதான் விசித்திரம். உசரம் கம்மி, அகலம் ரொம்ப. குடியிருக்கற ஊட்டு ஜன்னல் அப்படி இருக்காது. எங்கன்னு கேட்டேன். பள்ளிபாளையம்னாரு. இதையெல்லாம் நேத்து அந்த ரிக்குக்காரர்ட்டச் சொல்றதுக்குள்ள தெருவுல நின்னு என்னென்னவோ சொல்லிட்டாரு. இன்னிக்குத் துணி குடுக்க ஒருத்தரும் வரல. குடுத்ததையும் திருப்பிக் கேக்கறாங்க."

வெளியே வந்ததும் பழனியம்மாள், "இவங்க இல்ல சார்," என்றாள்.

"தெரியுது. ஆனா வேற யாரோ இருக்காங்க. தனியா இருக்கறவன் எவனாவது படத்துக்குப் பொருத்தமா திரை தெப்பானா? அவன் ஒரு வீடு எடுத்திருக்கான். யாருக்கோ ஜோடிச்சிட்டிருக்கான். அந்தப் பொம்பளையக் கண்டுபிடிச்சாத்தான் இந்தம்மா பேரு சுத்தமாகும்."

"பள்ளிபாளையம் சின்ன ஊரா சார்?"

மாதையன் ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

"படம் வெச்சிருக்கறவன் அதை எங்க மாட்டுவான்?" என்று உதைத்துக்கொண்டே கேட்டார்.

"சுவத்துல."

"மாட்ட என்ன வேணும்?"

"ஆணி."

"வாடகை வீட்டுல ஆணி அடிச்சா என்ன ஆகும்?"

பழனியம்மாள் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரம்மா ஒரு காலண்டர் ஆணிக்கு என் கூட ஒரு மாசம் பேசல சார்."

"அப்போ நாம வீட்டைத் தேட வேண்டாம். ஆணிக்காகச் சண்டை போட்ட வீட்டுக்காரனைத் தேடுவோம்."

ஸ்கூட்டர் கிளம்பியது.

*

கேட்க நன்றாக இருந்த யோசனை. பள்ளிபாளையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் ஆணிக்காகச் சண்டை போடாத வீட்டுக்காரரே கிடையாது என்று.

முதல் வீட்டு வாசலிலேயே "ஆணி அடிக்க அனுமதி இல்லை" என்று போர்டு இருந்தது. அந்தப் போர்டே ஓர் ஆணியில்தான் தொங்கியது. வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களின் அக்கிரமங்களைச் சுவர் சுவராகக் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாம் சாமி படங்களுக்காக அடித்தவை. சென்னிமலையைத் தெரியாது. அடுத்த வீட்டில் ஒரு அம்மாள் இவர்கள் இருவரும் வீடு கேட்டு வந்த புருஷன் பெண்சாதி என்று நினைத்துக்கொண்டு, "கொழந்தைக எத்தனைங்க? சுவத்துல கிறுக்குமா?" என்று விசாரித்தாள். இல்லை என்று மாதையன் விளக்கியதும், அப்படியானால் சேர்ந்து என்ன சுற்றுகிறீர்கள் என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கதவைச் சாத்தறதுக்கு முன்னால நம்ம ஜோடிப் பொருத்தம் எப்படின்னு கேட்டிருக்கலாம் சார்," என்றாள் பழனியம்மாள்.

"சும்மா வாங்க பழனி."

அதற்கடுத்த வீட்டுக்காரர் ஆணி என்ற வார்த்தையைக் கேட்டதுமே இவர்களை நகரசபை ஆட்கள் என்று எண்ணிப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தறிச் சத்தம் தெருத் தெருவாகக் கூடவே வந்தது. மாதையனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேட்கும் ஒவ்வொருவருக்கும் சென்னிமலையின் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தெரிந்தது ஒரு காதும் கொஞ்சம் மீசையும்தான். இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்தவனுக்கு முகம் பார்க்க ஒரு படம் இல்லை என்பது நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ஆளுக்கொரு கலர் வாங்கிக் குடித்தார்கள். மாதையன் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது சுவத்தைப் பத்திப் பேசாம இருக்கத் தெரியாதா?" என்றார் சலிப்போடு.

"எப்படிங்க பேசாம இருக்கறது?" என்றது பக்கத்துப் பெஞ்ச். "சொந்தச் சுவரா இருந்தா உங்களுக்குத் தெரியும்."

பேசியவர் அர்த்தனாரி. எதிர்ச் சந்தில் கீழே தறி ஓடும் கட்டடம் அவருடையது. "மேல நூலு வெச்சிருந்த குடோனுங்க. சும்மாதானே கெடக்குதுன்னு ஒருத்தருக்கு வாடகைக்கு உட்டேன். தங்கமான மனுசன்னு நெனச்சேன். சுவத்தச் சல்லடையாக்கி வெச்சிருக்காரு. ஒரு ஆணி அடிப்பாரு, அக்கட்டால போயி நின்னு பாப்பாரு, புடுங்கிப்போட்டு நாலு விரக்கடை தள்ளி அடிப்பாரு. கேட்டா, பூசிக் குடுத்தர்றனுங்கறாரு."

மாதையன் எழுந்துவிட்டார். "குடோன்னா ஜன்னல் அகலமா இருக்குமா?"

"காத்து வரோணுமே, அகலமாத்தான் வெச்சேன். இப்ப அதுக்கும் ஒரு திரையப் போட்டுக்கிட்டாரு."

"கூட யாராவது இருக்காங்களா? பொம்பள யாராச்சும்?"

அர்த்தனாரி சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பாத்ததில்லீங்க. ஆனா சாயங்காலத்துல பேச்சுக் குரல் கேக்குது. இவரு ஏதோ கேக்கறாரு, சித்த நேரம் நிறுத்தறாரு, மறுபடி பேசறாரு. யாரோ ஒருத்தரு இருக்காங்க."

மாதையன் பழனியம்மாளை வெற்றியோடு பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ஜீப் நின்றது. கண்ணாடிக்கு மேலே நாச்சிமுத்துவின் ரிக் கம்பெனி பெயர் சிவப்பில், முழ உயர எழுத்தில்.

"ரகசியமா பின்னால வந்திருக்காங்க சார்," என்றாள்.

*

அர்த்தனாரி கை காட்டிய மாடிப்படியை நாச்சிமுத்து இரண்டிரண்டாக ஏறினார். மாதையன் குறுக்கே நின்று பார்த்தார். அவர் தள்ளிவிட்டுப் போனார். பின்னால் முத்தாயம்மாள் படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவள் முகத்தைப் பார்த்த பழனியம்மாள் கேலி எதுவும் பேசாமல் கையைக் கொடுத்தாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நாச்சிமுத்து உதைத்த வேகத்தில் சுவரில் போய் மோதியது.

சென்னிமலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். கையில் சுத்தியல். பதறிப்போய் எழுந்தார்.

"எங்கடா அவ?"

நாச்சிமுத்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மண் நிறத் திரையை இழுத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தெருவைப் பார்த்தார். மூலையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்டவ். கயிற்றில் ஒரு வேட்டி, ஒரு சட்டை. ஒளிவதற்கு இடமே இல்லாத அறையில் அவர் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

மாதையன் சுவர்களைப் பார்த்தார்.

ஒரு சுவரில் நூல் பண்டல் லேபிள்கள், கறுப்பு அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு. கிளி, யானை, தாமரை. படிக்கட்டு ஏறுவதுபோல ஒன்றைவிட ஒன்று சற்று உயரத்தில், நடுநடுவே நிறைய வெற்றிடம் விட்டு. எதிர்ச்சுவரில் அம்மாபேட்டைப் பட்டின் கரை ஒரு முழம், நீளவாக்கில், ஒற்றையாக. ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்தப் பனிக்காடு. திரை அதை அமுக்கவில்லை. எல்லாம் ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில் இருந்தன. நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தான் நாள் முழுக்கத் தேடிய பெண் இல்லவே இல்லை என்பது மாதையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொம்பள எங்கடான்னா பேசாம நிக்கறயா?" என்று நாச்சிமுத்து கத்தினார்.

சென்னிமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் கறுத்தது. கையை நீட்டி, கதவு திறந்து மறைத்துக்கொண்டிருந்த சுவரைக் காட்டினார். "அதா அங்க நிக்கறாங்க, மச்சான்."

பழனியம்மாள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அந்தச் சுவரில் ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை. கல்லாங்காட்டில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். முட்டிவரை ஏற்றிச் செருகிய புடவை. தலையில் சும்மாடு. ஒரு கையில் ஆட்டைக் கழுத்தோடு அணைத்திருக்கிறாள். யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து எடுத்த படம்.

"இதுதான் ஆட்டுப் படமா?" என்று கேட்டாள் பழனியம்மாள்.

சென்னிமலை படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கம்மாங்க. பேரு ஆத்தாயி," என்றார் சென்னிமலை. "என்ற கல்யாணத்துக்கு முன்னாலயே தவறிட்டாங்க. இது ஒண்ணுதான் அவங்கள எடுத்த படம். ஆடு மேச்சாங்க, அதான் ஆட்டோட நிக்கறாங்க. அந்த ஊட்டுல அத்தன பேரும் ஆட்டுப் படம், ஆட்டுப் படம்னீங்க. மாட்டுக்கொட்டாய்ல கொண்டுபோயி வெச்சீங்க. சாணிமேல சாச்சு வெச்சிருந்துது."

"சாயங்காலத்துல பேசறது..." என்று ஆரம்பித்த மாதையன் நிறுத்திக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்கு அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி, "இந்தக் கருமத்துக்கா இத்தன கூத்து?" என்று கிளிப்படத்தை ஆணியோடு பிடுங்கப் போனார்.

"அண்ணா, அதுல கை வெக்காதீங்க."

முத்தாயம்மாள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கை நின்றது. அவர் தங்கையை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவள் ஆத்தாயியின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். "நானும் ஆட்டுப் படம்னுதான் சொன்னேன்," என்றாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏனுங்க மாமா, இங்க ஒரு பொம்பள இருந்திருந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். அவ முடியப் புடிச்சு இழுத்திருப்பேன். இதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வாயத் தொறந்து எங்கம்மா படம்டின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா மாட்ட உட்டிருப்பியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பட்டுக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் தனியாக இருந்தது.

"அதுல என்னத்த மாட்டறதுக்கு?"

"உன்ற படத்த," என்றார் சென்னிமலை. "ஆணியடிச்சுட்டுத்தான் தேடுனேன். நம்மூட்டுல உன்னத் தனியா எடுத்த படமே இல்ல முத்து. எல்லாத்துலயும் உன்ற தோளுமேல கைய வெச்சுட்டு மச்சான் நிக்கறாரு. ஒண்ண வெட்டிக்கூடப் பாத்தேன். அவரு கை மட்டும் மிஞ்சுது."

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

மாதையனுக்கு அங்கே நின்று உருகத் தோன்றவில்லை. காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் மொத்தமும் தொண்டைக்கு வந்தது. "சரிங்க. நீங்க மூணு பேரும் உங்க சுவத்தைப் பத்தி அப்புறம் பேசிக்குங்க," என்றார். "திருச்செங்கோட்டுல ஒரு அம்மா உடைஞ்ச மெஷினைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஜன்னலுக்குத் திரை தெச்சுக் கொடுத்ததைத் தவிர ஒரு தப்பும் பண்ணல."

சென்னிமலை புரியாமல் பார்த்தார். பழனியம்மாள்தான் சொன்னாள், நடந்தது அத்தனையும், நாச்சிமுத்துவை வைத்துக்கொண்டே. கேட்டு முடித்த சென்னிமலை சுத்தியலைத் தரையில் வைத்தார். கயிற்றில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க சொல்லாம வந்து ஒளிஞ்சுக்கிட்டதும் அதுல சேர்த்திதான்," என்றார் மாதையன்.

"ஆமாங்க," என்றார் சென்னிமலை. "மொதல்ல அங்க போலாங்க."

*

ஜீப்பும் அதன் பின்னால் ஸ்கூட்டரும் சாலம்மாளின் சந்துக்குள் நுழைந்ததும் தெருவில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. சாலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

சென்னிமலை முதலில் இறங்கிப் போனார். அவள் முன்னால் கைகூப்பினார். முத்தாயம்மாள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "தப்பாப் போச்சுங்கக்கா. மெஷின இன்னிக்கே சரி பண்ணித் தரச் சொல்றேன்," என்றாள்.

"மெஷின் கெடக்கட்டும். அது இரும்பு," என்றாள் சாலம்மாள். "தெருவுல நின்னு எனக்கு வெச்ச பேரு இருக்குதே, அத யாரு வந்து எடுப்பாங்க?"

முத்தாயம்மாள் தெருவின் நடுவுக்கு வந்தாள். வெயில் அவள் முகத்தில் அடித்தது. "சாலம்மாக்கா மேல ஒரு தப்புமில்லீங்க. எங்க ஊட்டுக்காரரு இவங்ககிட்டத் திரைத்துணி தெக்கக் குடுத்தாரு, அவ்வளவுதான். நாங்கதான் அபாண்டமாப் பேசிட்டோம்," என்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொன்னாள்.

சாலம்மாள் கேட்டுக்கொண்டாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். "நீங்க பேசலீங்களே."

தெரு முழுக்க ஜீப்பைப் பார்த்தது. நாச்சிமுத்து முன்சீட்டில் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அதான் அம்மிணி சொல்லிடுச்சே. ஏறு, போலாம்," என்றார்.

"எறங்குங்க மச்சான்," என்றார் சென்னிமலை.

அவர் நகரவில்லை. முத்தாயம்மாள் ஜீப்புக்குப் பக்கத்தில் போனாள். "நீங்க எறங்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். அந்த ஊட்டுக்கு வரமாட்டேன் அண்ணா. படத்துல நீங்க கைய வெக்கறதுக்கு ஒரு தோளில்லாமப் போயிரும், பாத்துக்குங்க."

கொஞ்ச நேரம் கழித்து ஜீப் கதவு திறந்தது. நாச்சிமுத்து இறங்கித் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"வெளியூருக்கு டிரங்கால் பேசற மாதிரிச் சத்தமாப் பேசுங்க," என்றாள் பழனியம்மாள். "தெருக்கோடில லைன் கிடைக்கல."

யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து நிமிர்ந்தார். நேற்றுக் கத்திய அதே தெருவில், ஏறக்குறைய அதே சத்தத்தில், தான் சொன்னது பொய், அந்த அம்மா நல்லவங்க, என்னை மன்னிக்கோணும் என்று சொன்னார். கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது.

சாலம்மாள் உள்ளே திரும்பி, சாத்தியிருந்த பாதிக் கதவையும் தள்ளித் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் துணிப்பையோடு நின்ற பெண்ணைப் பார்த்து, "அந்த ரவிக்கத் துணியத் திருப்பிக் கேட்டீங்களே, வந்து எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல தெச்சுத் தரட்டுமா?" என்று கேட்டாள்.